பின்னங்கால்கள்

என் முதல் வேலை
ஒரு குதிரையின் பின்பாதி.
ஹாலிஃபாக்ஸில், கிறிஸ்துமஸ் நாடகத்தில்,
மூன்று குளிர்காலம்.
முன்பாதி சிரில் ஆக்டன்.
அவனுக்குத் தலை இருந்தது, இமைக்கும் கண் இருந்தது.
எனக்கு, வாலை ஆட்ட ஒரு கயிறு.
குனிந்து அவன் இடுப்பைப் பிடித்தபடி
துணிக்குள் இருட்டில் நடப்பேன்.
சிரில் மதியத்துக்குப் பச்சை வெங்காயம் தின்பவன்.
அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

வெளியே குழந்தைகள் சிரிப்பார்கள்.
எதற்கென்று தெரியாது.
சிரிப்பை நான் முதலில் அறிந்தது முதுகால்தான்,
தகரக் கூரைக்குக் கீழே படுத்திருப்பவன்
இது தூறல், இது கொட்டல் என்று
மழையை அறிவதுபோல.

பிறகு ஸ்கார்பரோ கடற்கரையில் டிரம்ஸ்.
ஜோக் முடிந்ததும் ஒரு தட்டு, ஒரு சிம்பல்.
அரை நொடி முந்தினால்
ஜோக்கைக் கொன்றவன் நான்.
பிந்தினால், பிணத்துக்கு மேளம் அடித்தவன்.
லென் பிரெய்த்வெய்ட் என்று ஒருவர்,
மாமியாரை மேடையில் முப்பது வருடம் திட்டியவர்,
கல்யாணமே ஆகாதவர்,
இடைவேளையில் வந்து என் குச்சிகளைப் பிடுங்கிக்
கடலில் எறிந்தார்.
இரண்டாம் பாதியை
கேண்டீன் கரண்டிகளால் அடித்தேன்.
அன்று அவருக்குக் கிடைத்த சிரிப்பை
அதற்கு முன்னும் பின்னும் யாரும் கேட்டதில்லை.
நன்றி சொல்லவில்லை. குச்சிக்குக் காசும் தரவில்லை.

பிங்கோ எண் கூவினேன்.
நார்வே போகும் கப்பலில்
மந்திரவாதியின் புறாக்களைக் கழுவினேன்.
ராதர்ஹாமில் ஒரு வசந்தம் முழுக்க சோபா விற்றேன்.
அதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.
அதுவும் நடிப்புதான், கைதட்டல்தான் இல்லை.

லீட்ஸ் ஸ்டுடியோவில் கேபிள் சுருட்ட எடுத்தார்கள்.
கீழே இருந்து மாடியின் கண்ணாடி அறைக்கு
எப்படி ஏறினாய் என்று கேட்கிறார்கள்.
மேலே இருந்தவர்கள் மதியமே குடித்தார்கள்.
நான் குடிப்பதில்லை.

தயாரிப்பாளர் என்றால் என்னடா செய்வார்?
அக்கா டோரீன் கேட்டாள்.
மழை நாளில், பஸ்ஸில் ஏற்றி வந்த ஜனங்கள்
ஈரக் கோட்டோடு உட்கார்ந்தால்
சிரிக்கப் பத்து நிமிடம் ஆகும் அக்கா,
அதனால் நாலு மணிக்கே ஹீட்டரைக் கூட்டச் சொல்வேன்.
ஓ, கொதிகலன் வேலையா, என்றாள்.
ஆமாம் என்றேன். பென்ஷன் உண்டா என்றாள்.

எழுபத்தொன்பதில்
சிறு வேடத்துக்கு வந்த வரிசையில் சிரில் நின்றான்,
தொப்பியைக் கையில் சுழற்றியபடி.
என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.
எப்படித் தெரியும்?
மூன்று குளிர்காலமும் முன்னால் நடந்தவன்.
ஒரு வசனம் கொடுத்தேன்.
காஸ் மீட்டர் பார்க்க வந்தவன்:
“மீட்டர் எங்கேம்மா?”

ஆறு முறை கதவு திறந்தது.
ஆறு முறையும் வாய் திறந்தது, சொல் வரவில்லை.
இருநூறு பேர் தங்கள் காலணியைப் பார்த்தார்கள்.
இரக்கத்தின் அந்த மௌனத்தை
எந்த ஹீட்டராலும் காய்ச்ச முடியாது.

ஏழாம் முறை,
சொல்லைத் தேடித் தேடிக் களைத்து,
சிரில் மெல்லத் தலையைச் சாய்த்தான்.
இமைகளைத் தட்டினான்.
வலது காலால் தரையை இரண்டு முறை உதைத்தான்.

கொட்டல்.

இயக்குநர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
இருட்டில், கண்ணாடிக்குப் பின்னால்,
என் முழங்கால் தானாக மடங்கித்
தரையைத் தட்டியது,
வழக்கம்போல் அரை நொடி பிந்தி.

இரவு கேண்டீனில் அவன் தட்டில் வெங்காயம்.
நான் யாரென்று சொல்லவில்லை.
தேநீரை எடுத்துக்கொண்டு
அவனுக்குப் பின்னால் இருந்த மேஜையில் உட்கார்ந்தேன்.